மண்டு யார்? பிள்ளையா, பள்ளிக்கூடமா?

“இந்தப் பையனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது தொழிலில் கொண்டுபோய் விட்டுவிடு” என்னும் வாக்கியத்தைக் கேட்டிராத தெரு நம் நாட்டில் ஒன்றுகூட இருக்காது. இதை உபாத்தியாயர் சொல்லுகின்றார், ஜோசியன் சொல்லுகின்றான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுகின்றார், கடைசியாகப் பெற்ற தகப்பனும் சொல்லிவிடுகின்றான். தகப்பனும் சொல்லிவிட்ட பிறகு அந்தப் பிள்ளை தானே அதை நம்பிவிடுகின்றது. ஆக, ஏழெட்டு வயதுள்ள ஒரு உயிருக்கு விசாரணை இல்லாமல், சாட்சி இல்லாமல், அப்பீலும் இல்லாமல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுப் போகின்றது. தண்டனை விதித்த இத்தனை பேரில் ஒருவராவது, “ஏன் ஏறவில்லை?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதுண்டா என்பதுதான் நாம் கேட்பது.

தோழர்களே! நாம் சொல்லுகின்ற பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் முந்தின நாள் பார்த்த சினிமாக் கதையை ஒரு சம்பவம் விடாமல் சொல்லுவான். கழன்றுபோன சைக்கிள் சங்கிலியைப் பெரியவர்களுக்கு முன்னே மாட்டிவிடுவான். சந்தையில் பாக்கிச் சில்லறையைத் தப்பில்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டு வருவான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ‘மரம்’ என்பதை ‘ரமம்’ என்று வாசிப்பான். நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் மற்றவர்கள் ஐந்து வரி முடிப்பதற்குள் இவன் ஒரு வரியில் திணறிக்கொண்டிருப்பான். இத்தனை காரியங்களுக்கு வேலை செய்கின்ற மூளை, இந்த ஒரு காரியத்திற்கு மாத்திரம் ஏன் மறுக்கின்றது என்று யோசிக்க வேண்டியது யாருடைய கடமை? பிள்ளையினுடைய கடமையா? சம்பளம் வாங்குகின்ற பள்ளிக்கூடத்தினுடைய கடமையா?

இதற்கு நமது ஜனங்கள் சொல்லும் சமாதானம் என்னவென்றால், “தலையெழுத்து” என்பதாகும். பிரம்மா தலையில் எழுதிவிட்டானாம். சரஸ்வதி நாக்கில் குடியேறவில்லையாம். பிரம்மாவின் கையெழுத்தை இன்றுவரையில் இந்த உலகத்தில் எந்த மேதாவியாவது வாசித்ததுண்டா? கடவுளின் எழுத்தையே ஒருவராலும் வாசிக்க முடியாதபோது, மனிதன் எழுதின எழுத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கின்ற பையனை மாத்திரம் மண்டு என்பது என்ன நியாயம்? விஜயதசமியன்று அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவித்துத் தட்சணை வாங்கிக்கொண்டு போன புரோகிதனிடம், “ஐயா, நீர் தொடங்கிவைத்த படிப்பு என் பையனுக்கு வரவில்லையே, பணத்தைத் திருப்பிக் கொடும்” என்று யாராவது கேட்டதுண்டா? படிப்பு வந்தால் சரஸ்வதியின் கடாட்சம். வராவிட்டால் பையனின் கர்மபலன். லாபம் வந்தால் கடவுளுக்கு, நஷ்டம் வந்தால் பிள்ளைக்கு என்கின்ற இந்த வியாபாரத்தை வேறு எந்தக் கடைத்தெருவிலாவது ஒப்புவார்களா?

நிற்க. இந்த விஷயத்தில் விதியை விட்டுவிட்டு மூளையைப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லுகின்றோம். 1896ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் வைத்தியர், பதினான்கு வயதுள்ள ஒரு பையனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அந்தப் பையன் புத்திசாலி, விளையாட்டில் சளைக்காதவன், கணக்குப் போடுவான், கண் பார்வையில் குற்றமில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் சின்னச் சின்ன வார்த்தைகளைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே தவறாக எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் அந்தப் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவனுக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயரின் அபிப்பிராயம் என்று அந்த வைத்தியர் குறிப்பிட்டார். அதற்கும் ஒன்பது வருஷத்திற்கு முன், 1887இல், ஜெர்மனியில் ருடால்ஃப் பெர்லின் என்னும் கண் வைத்தியர், மூளையில் நோய் கண்ட பெரியவர்களுக்கு வாசிப்பு வராமற்போவதைக் குறிக்க ‘டிஸ்லெக்சியா’ என்று ஒரு பெயர் வைத்திருந்தார். பிற்காலத்தில் அந்தப் பெயரே இந்த மாதிரிப் பிள்ளைகளின் சங்கடத்திற்கும் வழங்கலாயிற்று. நூறு வருஷத்திற்கு மேற்பட்ட ஆராய்ச்சியின் முடிவு என்னவென்றால், இது புத்திக் குறைவல்ல, சோம்பேறித்தனமல்ல, கண் கோளாறுமல்ல; எழுத்தின் வடிவத்தையும் அதன் ஓசையையும் மூளை இணைத்துக்கொள்ளும் விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம் என்பதேயாகும். சிலருக்கு இது வாசிப்பதில் தெரியும். சிலருக்கு எழுதுவதில் தெரியும். சிலருக்குக் கணக்கில் தெரியும். குடும்பத்தில் தலைமுறையாக வருவதும் உண்டு. இதைப் போக்க மந்திரமும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனால் தகுந்த முறையில், தகுந்த வயதில், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்ளுகின்றார்கள் என்பது பிரத்தியட்சமான உண்மை.

இனி, நாம் சொல்லிக்கொடுக்கும் எழுத்தைத்தான் சற்றுப் பார்ப்போம். தமிழுக்கு 247 எழுத்துக்கள் என்று பெருமையாகச் சொல்லுகின்றோம். ‘கெ’ என்று எழுதும்போது, வாயில் பின்னால் வருகின்ற ஓசைக்கு உரிய கொம்பைக் கையில் முன்னால் போடுகின்றோம். ‘கொ’ என்பதற்கோ முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ‘கல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ‘பகல்’ என்பதிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கின்றது. ன, ண, ந என்றும், ல, ள, ழ என்றும், ர, ற என்றும் உள்ளவற்றைப் பேச்சில் வித்தியாசம் தெரியாமல் பேசிவிட்டுப் பரீட்சையில் மாத்திரம் வித்தியாசம் கேட்கின்றோம். வீட்டில் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று பேசி வந்த பிள்ளை, பள்ளியில் ‘ஒன்று, இரண்டு’ என்று வாசிக்க வேண்டும். அதாவது வாசிக்கக் கற்பதோடு இரண்டாவது பாஷை ஒன்றையும் கூடவே கற்கவேண்டியிருக்கின்றது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த மேட்டை எப்படியோ ஏறிவிடுகின்றார்கள். ஏறத் தடுமாறுகின்றவனுக்குக் கை கொடுக்கவேண்டுமா, அல்லது அவன் காலை ஒடிக்கவேண்டுமா?

எழுத்து என்பது மனிதன் சௌகரியத்திற்காகச் செய்துகொண்ட கருவியே ஒழிய, ஆகாயத்திலிருந்து இறங்கிய வஸ்துவல்ல. இதை நமது இயக்கம் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. 1935இல் ‘குடி அரசு’ பத்திரிகையிலேயே பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டு காட்டினார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றிற்குத் தனித்தனியாக இருந்த விசித்திர வடிவங்களை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துக்களைப் போலவே எழுதினார். “தமிழ் கெட்டுப் போகும்” என்று பண்டிதர்கள் கூச்சல் போட்டார்கள். 1978இல் தமிழ்நாட்டு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. தமிழ் கெட்டா போய்விட்டது? அன்று முதல் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடத்தில் ஒரு பாரம் குறைந்தது. பிள்ளைக்காக எழுத்தையே மாற்றலாம் என்று காட்டின நாட்டில், பிள்ளைக்காகச் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றக்கூடாது என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு?

அந்த முறையில் ஒரு பாகம் நம் நாட்டிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஓசையை வாய்விட்டுச் சொன்னார்கள். கண் பார்க்கின்றது, விரல் உணருகின்றது, வாய் சொல்லுகின்றது, காது கேட்கின்றது. வாசிப்பில் சங்கடப்படும் பிள்ளைகளுக்காக இன்று மேல்நாட்டில் கையாளும் பயிற்சியிலும் இந்த நான்கையும் சேர்த்துத்தான் பழக்குகின்றார்கள். 1789 முதல் 1796 வரையில் சென்னையில் ஆதரவற்ற பையன்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்த மணல் எழுத்தையும், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் கையாண்டு, சீமைக்குக் கொண்டுபோய் ‘சென்னை முறை’ என்று பிரசாரம் செய்தார். அவர்கள் மணலைக் கொண்டுபோனார்கள். நாமோ மணலைக் கொட்டிவிட்டு, அதே திண்ணையில் இருந்த பிரம்பையும் கோதண்டத்தையும் மாத்திரம் பத்திரமாக வைத்துக்கொண்டோம்!

“அடியாத மாடு படியாது” என்று பழமொழி சொல்லுகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டை அடித்து வண்டியில் பூட்டலாம். அடித்து அதற்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யார்? “கண்ணை மாத்திரம் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்” என்று பிள்ளையை ஒப்படைக்கின்ற தகப்பன்மார்களும் நம்மில் இருக்கின்றார்கள். எழுத்துக்கும் ஓசைக்கும் முடிச்சுப் போட முடியாத பிள்ளைக்கு, அடியானது எழுத்தோடு பயத்தை மாத்திரமே முடிச்சுப் போட்டுவிடும். பிறகு புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி வரும். பள்ளிக்கூட மணி அடித்தாலே காய்ச்சல் வரும். 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மாத்திரமல்ல, மனம் நோகும்படி அவமானப்படுத்துவதையும் தடை செய்திருக்கின்றது. ‘மண்டு’, ‘மக்கு’, ‘மரமண்டை’ என்று நாற்பது பேருக்கு முன்னால் கூப்பிடுவது அவமானமல்லாமல் மரியாதையா?

இப்பொழுது நமது முக்கியமான விஷயத்திற்கு வருகின்றோம். இந்தச் சங்கடம் பணக்காரன் வீட்டிலும் பிறக்கின்றது, கூலிக்காரன் வீட்டிலும் பிறக்கின்றது. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெயர் ஒன்றாக இருக்கின்றதா? பட்டணத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையானால் அதற்கு ‘டிஸ்லெக்சியா’ என்று பெயர். பரிசோதனை, தனிப் பயிற்சி, சான்றிதழ், பரீட்சையில் கூடுதல் நேரம் எல்லாம் உண்டு. அதில் நமக்குப் பொறாமையில்லை; அந்தப் பிள்ளைக்கும் அது வேண்டியதே. ஆனால் சேரியிலும் குப்பத்திலும் பிறந்த பிள்ளைக்கு அதே சங்கடம் இருந்தால், “அவன் ஜாதிக்கு எங்கிருந்து படிப்பு வரும்?” என்பதல்லவா பெயர்? சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றவேண்டும் என்று ஒரு காலத்தில் தர்மசூத்திரத்தில் எழுதிவைத்தார்கள். இன்று ஈயம் காய்ச்சுவதற்குச் சட்டம் இடங்கொடுக்காது. ஆகையால் ‘மண்டு’ என்ற சொல்லைக் காய்ச்சி ஊற்றுகின்றார்கள். பலன் இரண்டுக்கும் ஒன்றே. பெண் பிள்ளையானாலோ அந்தச் சிரமங்கூட இல்லை. “இவள் படித்து என்ன ஆகவேண்டும்?” என்று அடுப்பங்கரைக்கு அனுப்பிவிடுவதோடு காரியம் முடிந்துவிடுகின்றது.

“படிப்பு வராதவனைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பினால் என்ன கெட்டுப்போயிற்று?” என்று சில யோக்கியர்கள் கேட்கின்றார்கள். இதே வாதத்தைத்தான் 1953இல் ராஜாஜி மந்திரிசபை சட்டம்போல நடத்திப் பார்த்தது. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் குலத்தொழில் என்றார்கள். நாடு கொதித்து எழுந்து, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் ஒழிந்தது. ஆனால் சர்க்கார் உத்தரவில் ஒழிந்தது வகுப்பறையின் கடைசிப் பெஞ்சில் இன்னும் உயிரோடிருக்கின்றது என்றே சொல்லுகின்றோம். தொழில் கேவலமென்பது நமது கருத்தல்ல. தொழிலைப் பிள்ளை தேர்ந்தெடுக்கவேண்டுமே ஒழிய, வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரியாத பள்ளிக்கூடம் அவனுக்காகத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதே நமது கருத்து.

“அப்படியானால் இவர்களுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் வைத்துவிடலாமே” என்பது அடுத்த ஆட்சேபணை. தனிக்குவளை வைத்த நாட்டில் இந்த யோசனை தோன்றுவதில் நமக்கு ஆச்சரியமில்லை. தண்ணீர் கொடுக்கமாட்டோம் என்று அன்று சொல்லவில்லை. தனியாகக் கொடுக்கின்றோம் என்றுதான் சொன்னார்கள். அதுவே இழிவு என்று கண்டவர்கள் நாம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது உதவி. அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையை ஊருக்கு வெளியே ஒதுக்குவதுபோல் வகுப்புக்கு வெளியே ஒதுக்கிவிடுவது தீண்டாமை. 1994இல் ஸ்பெயின் தேசத்து சலமன்கா நகரில் 92 சர்க்கார்களின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிப்பிக்கவேண்டும் என்பதைக் கொள்கையாக அறிவித்தார்கள். அடுத்த பெஞ்சுக்காரன் மெதுவாக வாசிப்பான் என்று பார்த்து வளருகின்ற பிள்ளை, மனிதருக்குள் வித்தியாசம் இருந்தாலும் மேல் கீழ் இல்லை என்பதைப் புத்தகமில்லாமலே கற்றுக்கொள்ளும்.

“ஒருவனுக்கு மாத்திரம் பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுத்தால் தகுதி, திறமை என்ன ஆவது?” என்று கேட்கின்றவர்களும் இருக்கின்றார்கள். ‘தகுதி, திறமை’ என்ற இந்தப் பழைய பாட்டை நாம் வகுப்புரிமைக் காலத்திலிருந்தே கேட்டு வருகின்றோம். நாற்பதடிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க இருபதடிக் கயிற்றைக் கொடுத்துவிட்டு, “உனக்கு இறைக்கத் தெரியவில்லை” என்பது எந்த ஊர் நியாயம்? நீளக் கயிறு கொடுத்தாலும் இறைப்பவன் அவன்தானே! சரித்திரப் பரீட்சையில் சரித்திரம் தெரியுமா என்று பார்க்கவேண்டுமே ஒழிய, மூன்று மணி நேரத்தில் எத்தனை பக்கம் கிறுக்குகின்றான் என்று பார்ப்பது என்ன பரீட்சை?

நாம் கேட்பது பிச்சையல்ல; ஏற்கெனவே சட்டமாகிவிட்ட உரிமையாகும். 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைகளே இருந்தன. கற்றலில் உள்ள இந்தச் சங்கடம் அதில் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொரு வகையாக்கி, இதையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அச்சட்டத்தின் 16ஆவது பிரிவு, சர்க்கார் பள்ளியும், சர்க்கார் பணமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியும் இப்பிள்ளைகளைக் கூடிய சீக்கிரத்தில் கண்டுபிடித்து, தகுந்த முறையில் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கின்றது. 17ஆவது பிரிவு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கவேண்டும் என்றும், பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆள், இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு வழி செய்யவேண்டும் என்றும் சொல்லுகின்றது. சட்டம் 2017 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது; முதல் கணக்கெடுப்பு இரண்டு வருஷத்திற்குள் முடிந்திருக்கவேண்டும். தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இதற்காக யாராவது வந்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள். சட்டம் புத்தகத்தில் இருந்து, பிள்ளை கடைசிப் பெஞ்சில் இருந்தால், அந்தச் சட்டத்திற்கும் பிரம்மாவின் எழுத்துக்கும் என்ன வித்தியாசம்?

உபாத்தியாயர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. ஒரே உபாத்தியாயரிடம் இரண்டு மூன்று வகுப்புகளைத் தள்ளி, போதாக்குறைக்குப் பட்டியல் எழுதும் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கவனி என்றால் அவர் என்ன செய்வார்? சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆரம்பப் பள்ளியில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்றும், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்றும் இருக்கவேண்டுமென்ற விகிதத்தை 2022இல் மத்திய சர்க்காரே அறிவித்திருக்கின்றது. கும்பாபிஷேகத்திற்கும் தேரோட்டத்திற்கும் ஆளும் பணமும் கிடைக்கின்ற நாட்டில் இதற்கு மாத்திரம் கிடைக்காது என்றால் யார் நம்புவது? பலகையில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று எழுதுவதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்புகின்ற பள்ளிக்கூடங்களைத்தான் நாம் கண்டிக்கின்றோம். நோயாளிகளையெல்லாம் வெளியே துரத்திவிட்டு, “எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவரும் சாவதில்லை” என்று தமுக்கடிக்கின்ற வைத்தியருக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை.

பணமே செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. திணறும் பிள்ளையை முன் பெஞ்சில் உட்காரவைக்கலாம். எல்லோருக்கும் எதிரில் உரக்க வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்தாமல் இருக்கலாம். கேள்வியை வாசித்துக் காட்டி, பதிலை வாயால் சொல்லச் சொல்லலாம். ஒரு நாளைக்குப் பத்து எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்தை, மணலிலும் காற்றிலும் வரைந்து ஓசையோடு பழக்கலாம். பிழையைச் சிவப்பு மையால் குளிப்பாட்டாமல், சரியாக எழுதினதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். பக்கத்துப் பிள்ளையைத் துணைக்கு வைக்கலாம். இவை இந்தப் பிள்ளைக்கு மாத்திரமல்ல, வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லதேயாகும்.

பெற்றோர்களே! நீங்கள் கோவிலுக்கு நடக்கின்ற நடையைப் பள்ளிக்கூடத்திற்கு நடங்கள். “என் பிள்ளையைப் பரிசோதிக்க என்ன ஏற்பாடு செய்தீர்கள்?” என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்குங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. ஜோசியனுக்குக் கொடுக்கின்ற காசில் பிள்ளைக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள். நமது கழகத் தோழர்கள் மாலை வகுப்பு நடத்துகின்ற இடங்களில், முதல் இடத்தைக் கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். அன்றியும், நமது மேடைகளிலேயே எதிரியை ‘மண்டு’, ‘மரமண்டை’ என்று ஏசிக் கைதட்டல் வாங்குகின்ற வழக்கத்தை நாமும் விட்டொழிக்கவேண்டும். கீழே உட்கார்ந்து கேட்கின்றவர்களுக்குள் அந்தப் பட்டத்தைப் பள்ளியில் சுமந்தவர் எத்தனை பேரோ!

பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியிருக்க, மூளை அமைந்த விதத்தினால் ஒரு பிள்ளை தாழ்ந்தது என்பதை எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? சுயமரியாதை என்பது ஓட்டுப் போடுகின்ற வயதில் வருகின்ற சரக்கல்ல. ஆறு வயதில் ஸ்லேட்டைக் கையில் பிடிக்கும்போதே பிள்ளைக்கு வேண்டிய சரக்காகும். அதை அங்கேயே உடைத்துவிட்டால் பிறகு எத்தனை மாநாடு கூட்டினாலும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே, இனிமேல் யாராவது உங்கள் பிள்ளையைக் காட்டி, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று சொன்னால், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். “இவனுக்கு ஏறும்படி சொல்லிக்கொடுக்க உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை பள்ளிக்கூடத்தினுடையதும் சர்க்காரினுடையதுமே ஒழிய, பிள்ளையினுடையதல்ல.